கதை சொன்ன மருத்துவர்

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சா. அந்நகரில் குரோக்மல்னா என்னுந் தெருவில், 92ஆம் எண்ணுடைய மனையில், 1912ஆம் ஆண்டு அனாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பெற்றது. பெற்றோரை இழந்த யூதக் குழந்தைகள் நூற்றுவர் அளவில் அங்கு வாழ்ந்தனர். அவர்களைப் பேணிவந்தவர் ஒரு மருத்துவர். பகலில் அவர் குழந்தைகளின் எடையை நிறுத்துக் குறிப்பார், தலைமயிரைக் கத்தரிப்பார், நகம் களைவார். இரவில் கட்டில்களுக்கிடையே அமர்ந்து கதை சொல்லுவார். மருந்துக்குக் கட்டுப்படாத நோய்கள் சிலவற்றைக் கதை தணிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். யானுஷ் கோர்ச்சாக் என உலகம் போற்றும் பெரியார் அவரே.

கோர்ச்சாக் என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். அவர் பிறந்தது ஜூலைத் திங்கள் 22ஆம் நாள். ஆண்டு 1878 தானா, 1879 தானா என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது. வழக்கறிஞராகிய தந்தை, மகன் பிறப்பை உரிய காலத்தில் பதிவு செய்யாது விட்டதே அதற்குக் காரணம். வீட்டில் செல்வம் இருந்தது. விளையாட்டுத் தோழர் இலர். முற்றத்தில் ஆடிய ஏழைப் பிள்ளைகளோடு கூடுதல் தகாது என்று பெரியோர் தடுத்தனர். தனித்திருந்த சிறுவன், பசித்த குழந்தைகளே இல்லாதபடி உலகத்தை மாற்றுவதற்குத் தான் வகுத்த திட்டங்களையெல்லாம் பாட்டியிடம் சொன்னான். பாட்டி நகைக்கவில்லை, அவனைத் தத்துவ ஞானி என்றே அழைத்தாள். தன் சொல்லை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டாலே குழந்தையின் நெஞ்சில் உரம் பிறக்கும் என்பதை அவர் அம்மூதாட்டியிடமே முதலிற் கற்றார் எனலாம்.

செல்வம் நிலைக்கவில்லை. தந்தை மனநோய்வாய்ப்பட்டு 1896இல் இறந்தார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பள்ளி மாணவராகிய ஹென்ரிக், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் பொருள் ஈட்டலானார். 1898இல் நடந்த ஓர் எழுத்துப் போட்டிக்கு, பழைய புதினம் ஒன்றின் தலைவன் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அப்பெயரே பின்னர் அவருக்கு நிலைத்தது.

1905இல் மருத்துவப் பட்டம் பெற்று, வார்சா நகரக் குழந்தை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். கோடை விடுமுறையில் ஏழைச் சிறுவர்களைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று, அவர்களோடு தங்கி வந்தார். மருத்துவமனையில் நோய் நீங்கிய குழந்தை மீண்டும் இருளும் பசியும் நிறைந்த குடிசைக்கே திரும்புவதைக் கண்டு அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. பெயரும் பொருளும் தரத்தக்க மருத்துவத் தொழிலை விடுத்து, அனாதை இல்லத்தை ஏற்றார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்கு இறுதிவரை துணையாக நின்றார்.

அவ்வில்லத்திற்கு வந்த குழந்தைகள் எத்தகையோர்? உறவினரால் ஒதுக்கப்பட்டோர், தெருவில் அலைந்தோர், ஒன்றுக்கும் உதவாதவர் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அதனையே உண்மையென நம்பியவர். இவர்களுக்கு அவர் விரும்பிச் சொன்ன கதை, காலணி அணிந்த பூனையின் கதையாகும். மாவு அரைக்கும் ஆலைக்காரன் ஒருவன் இறக்கிறான். மூத்த மகனுக்கு ஆலை கிடைக்கிறது. அடுத்தவனுக்குக் கழுதை கிடைக்கிறது. இளையவனுக்குக் கிடைத்ததோ ஒரு பூனை! தனக்கு இனி வாழ்வில்லை என்று அவன் மனம் உடைகின்றான். பூனையோ ஒரு சோடிக் காலணியும் ஒரு பையும் மட்டுமே கேட்கின்றது. அவற்றைக்கொண்டு தன் அறிவால் தலைவனை அரண்மனை வரை உயர்த்திவிடுகின்றது. பங்கில் கடையானது கிடைத்த மகன் வேறு யாருமல்லன், தாமே என்பதை அக்குழந்தைகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கதையின் வெற்றியை அவர் எளிதில் வரவிடுவதில்லை. இடையூறு ஒன்று நீங்கியதும் மற்றொன்று வரும், எண்ணியது தவறும், மீண்டும் முயலவேண்டும். வருந்திப் பெறாத வெற்றியை, வருத்தமே வாழ்வாகக் கொண்ட பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்பது அவர் கருத்து. ஒரே கதையைப் பலமுறை கேட்பதும் அவர்களுக்குச் சலிப்பூட்டவில்லை. முடிவு தெரிந்த கதை அச்சமின்றிக் கேட்கத்தக்கதன்றோ!

அவர் எழுதிய கதைகளுள் புகழ்பெற்றது, 1922இல் எழுதிய 'முதலாம் மத்தியூஸ் மன்னன்' என்பது. தந்தை இறக்கவே, சிறுவன் ஒருவன் அரசனாகிறான். மாறுவேடத்தில் போருக்குச் செல்கிறான். குழந்தைகளுக்கென ஒரு பாராளுமன்றம் அமைக்கிறான். பிழைகள் பல செய்து, இறுதியில் அரசிழந்து தீவாந்தரம் செல்கிறான். தோல்வியிலே முடியும் கதையைச் சிறுவர்க்கு எழுதுதல் தகுமா என்று ஐயுறுவோர் உண்டு. நல்லெண்ணமும் தோற்பதுண்டு என்ற உண்மையைக் குழந்தைகளிடம் மறைக்க அவர் உடன்படவில்லை. அந்நூலின் முகப்பில் அவர் தம் சிறுவயதுப் படத்தை வைத்தார். எழுத்தாளரும் அமைச்சரும் நாடு காண்போரும் வளர்ந்த நிலையிலேயே படங்களில் தோன்றுவதால், அவர்கள் ஒருகாலத்தும் சிறுவராய் இருந்ததில்லை எனக் குழந்தைகள் எண்ணித் தளர்கின்றனர். அத்தளர்ச்சியை நீக்கவே தம் இளமைப் படத்தை இட்டதாக முன்னுரையில் அறிவித்தார். 1938இல் பாஸ்டரின் வரலாற்றைச் சிறுவர்க்கென எழுதியபோது, அதற்குப் 'பிடிவாதச் சிறுவன்' என்றே பெயரிட்டார்.

இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டப் பிரிவுகளுள் பெரும்பாலானவை மன்னிப்பையே கூறின. கோர்ச்சாக்கும் அங்கே பலமுறை வழக்கில் நின்று தீர்ப்பை ஏற்றார். சண்டையிடும் வழக்கமுடைய பிள்ளை, இவ்வாரம் இத்தனை முறைக்குமேல் சண்டையிடேன் என்று அவரிடம் பந்தயம் கட்டுவான். வென்றால் மிட்டாய் கிடைக்கும். 1926இல் குழந்தைகளே எழுதும் செய்தித்தாள் ஒன்றையும் அவர் தொடங்கினார். வானொலியில் 'முதிய மருத்துவர்' என்ற பெயரில் அவர் பேசிய பேச்சுக்களைப் போலந்து மக்கள் ஆவலுடன் கேட்டனர். யூதர் மீதிருந்த பகைமையால் 1936இல் அப்பேச்சு நிறுத்தப்பட்டது.

1939இல் ஹிட்லரின் படை போலந்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு வார்சாவின் யூதர் அனைவரும் மதில் சூழ்ந்த ஒரு பகுதியில் அடைக்கப்பட்டனர். இல்லமும் அங்கே பெயர்ந்தது. குழந்தைகளின் தொகை 200 ஆயிற்று. முதுமையும் நோயும் வருத்த, கோர்ச்சாக் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று குழந்தைகளுக்கு உணவு இரந்தார். அவர் மட்டும் தப்பிச் செல்ல நண்பர்கள் வழிசெய்தனர், அவர் மறுத்துவிட்டார்.

பசியும் சாவும் சூழ்ந்த அவ்விடத்தில் அவர் குழந்தைகளைக் கொண்டு ஒரு நாடகம் நடத்தினார். அஃது இரவீந்திரநாத தாகூர் வங்க மொழியில் இயற்றிய 'அஞ்சல் நிலையம்'. அமல் என்னும் நோயுற்ற சிறுவன் வெளியே செல்லலாகாது என வைத்தியன் விலக்கியதால், சன்னலருகே அமர்ந்திருக்கின்றான். தயிர் விற்பவனும் காவற்காரனும் பூப்பறிக்கும் சிறுமியும் அவ்வழியே செல்கின்றனர். அவர்களோடு பேசி, காணாத மலைகளையும் ஊர்களையும் மனத்தாலே காண்கின்றான். எதிரே உள்ள அஞ்சல் நிலையத்திலிருந்து தனக்கு அரசன் மடல் வரும் என்று காத்திருக்கின்றான். முடிவில் அரசனுடைய மருத்துவரே வந்து, அடைத்த கதவுகளையெல்லாம் திறக்கச் செய்கின்றார். சிறுவன் அமைதியாய்த் துயில்கின்றான். மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகள் 1942 ஜூலை 18இல் இதனை நடித்தனர். இந்நாடகத்தைத் தேர்ந்தது ஏன் என வினவியோர்க்கு, சாவையும் அமைதியோடு எதிர்கொள்ளக் குழந்தைகள் பழகவேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். அந்நாடகத்தை எழுதிய தாகூர் மறைந்து ஓராண்டுகூட நிறையவில்லை.

நான்கு நாட்கள் சென்றன. கோர்ச்சாக்கின் பிறந்த நாளாகிய ஜூலை 22இல், யூதர்களை டிரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்திற்கு இரயிலேற்றும் வேலை தொடங்கிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. குழந்தைகள் தம்மிடமிருந்த நல்லுடை உடுத்து, வரிசை வரிசையாய்த் தெருவில் நடந்தனர். மத்தியூஸ் மன்னன் குழந்தைகளுக்கென விரும்பிய பச்சைக் கொடியை ஒரு பிள்ளை ஏந்திச் சென்றதாகச் சொல்வாரும் உளர். கோர்ச்சாக் முன்னே நடந்தார். ஸ்டெபானியா அம்மையாரும் உடன் சென்றார். அவர்களுள் எவரும் மீளவில்லை.

டிரெப்ளிங்காவில் மாண்டவர் நினைவாக இன்று ஏறத்தாழ 17,000 கற்கள் நடப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றில் ஊர்ப்பெயர்களே காணப்படுகின்றன. தனி மனிதர் ஒருவரின் பெயர் பொறித்த கல் ஒன்றே உண்டு. அதில் யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரோடு, அவருடைய குழந்தைகளும் சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளனர்.