சேர் அலிஸ்டர் ஹார்டி (1896 – 1985)

மீன்வளத்தை ஆராய்வதற்காக ஒருவர் அமைத்த கருவி, கடலில் கலந்த நுண்பிளாஸ்ரிக்கைப் பிற்காலத்தில் உலகுக்குக் காட்டியது. அக்கருவியை அமைத்தவர் கடல் உயிரியலாளர் சேர் அலிஸ்டர் ஹார்டி ஆவார்.

இவர் 1896 பெப்ரவரி 10 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கற்றபின் மீன்பிடி ஆய்வில் ஈடுபட்டார். நமது சாளைக்கு உறவான ஹெரிங் மீன்கள் பிளாந்தன்களை உண்டே வாழ்கின்றன. எனவே பிளாந்தன் உள்ள இடத்தை அறிந்தால் மீன் உள்ள இடத்தையும் அறியலாம் என இவர் கருதினார்.

1925 – 1927 காலப்பகுதியில் அந்தாட்டிக் கடலாய்வுப் பயணத்தில் பங்குகொண்ட இவர், கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் பிளாந்தன் பதிகருவியை அமைத்தார். அதன் சிறு துவாரத்தினூடாகப் புகும் நீரிலுள்ள பிளாந்தன்கள், மெல்ல நகரும் பட்டுத்துணியில் படியும். 1931 முதல் வணிகக் கப்பல்கள் இதனை ஒழுங்காக இழுத்துச் சென்றன. 1957 இல் சேர் பட்டம் பெற்ற ஹார்டி, 1985 இல் காலமானார்.

சேகரித்த மாதிரிகள் வீசப்படாமல் பேணப்பட்டன. 2004 இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் றிச்சட் தொம்சன் குழுவினர் பழைய மாதிரிகளைச் சோதித்தனர். 1960களின் மாதிரிகளிலேயே நுண்ணிய பிளாஸ்ரிக் நார்கள் காணப்பட்டன. பிந்திய ஆண்டுகளில் அவை அதிகரித்திருந்தன. பழைய மாதிரிகள் இல்லாதிருந்தால் இந்த அதிகரிப்பை எவராலும் நிரூபித்திருக்க முடியாது.

5 மில்லிமீற்றரிலும் சிறிய பிளாஸ்ரிக் துணிக்கைகளே நுண்பிளாஸ்ரிக் எனப்படும். பிளாந்தனோடு சேர்த்து மீன்கள் இவற்றையும் விழுங்குகின்றன. நெத்தலி போன்ற சிறு மீன்களைக் குடலோடு உண்ணும்போது அவை நம் உடலையும் அடையலாம். 2022 இல் மனித இரத்தத்திலும் இவை கண்டறியப்பட்டன. உடலுக்கு ஏற்படும் தீங்குகள் தொடர்ந்து ஆராயப்படுகின்றன.

2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்ரிக் மணிகள் நமது மேற்குக் கரையில் ஒதுங்கின. அவற்றைக் கண்ணால் காண முடிந்தது. கண்ணுக்குத் தெரியாதவற்றை அறிய ஹார்டியின் வழியே வேண்டும்: ஒரே முறையில், ஆண்டுதோறும், பொறுமையாகப் பதிந்து பேணுதல். உடப்பு போன்ற கரைவலைக் கிராமத்து மாணவருக்கும் இது இயலாத செயலன்று.

பயிற்சி வினாக்கள்
1. ஹார்டி பிளாந்தன்களை ஆராய்ந்ததன் நோக்கம் யாது?
2. பழைய மாதிரிகளைப் பேணியதால் விளைந்த பயனை விளக்குக.
3. நுண்பிளாஸ்ரிக் கடலிலிருந்து மனித உடலை அடையும் வழியை உணவுச் சங்கிலியாக வரைக.