முட்டையில் கண்ட மஞ்சட் பிறை: எட்வின் கொங்க்ளின்

பிறக்கவிருக்கும் உயிரின் எதிர்காலத்தில் எவ்வளவு பங்கு தாயின் முட்டையிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது? இவ்வினாவுக்கு நுணுக்குக்காட்டியின் கீழ் விடை தேடியவர் அமெரிக்க விலங்கியலாளர் எட்வின் கிராண்ட் கொங்க்ளின்.

1863இல் ஒஹாயோ மாநிலத்தின் வால்டோ என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையில் மெதடிஸ்த போதகராகவே எண்ணியிருந்தார். 1885 முதல் மூன்றாண்டுகள், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கென மிசிசிப்பியில் நிறுவப்பட்டிருந்த ரஸ்ற் கல்லூரியில் கற்பித்தார். 1891இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1908 முதல் 1933 வரை பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

அவரது புகழுக்கு அடிகோலியது, மசாசூசெற்ஸ் கரையோரம் வூட்ஸ் ஹோல் ஆய்வுகூடத்தில் அவர் ஆராய்ந்த கடற்பீச்சி. பாறையிலும் படகின் அடிப்புறத்திலும் பைபோல ஒட்டி வாழும் இப்பிராணி, தொட்டால் நீரைப் பீச்சும். ஆயினும் அதன் குடம்பிக்கு வாலும் முதுகுநாணும் உண்டு. ஆகவே முள்ளந்தண்டுளிகளுக்கு அது தூரத்து உறவு.

அதன் முட்டையில் இயற்கையாகவே மஞ்சள்நிறப் பொருள் ஒன்று உண்டு. கருக்கட்டியதும் அது முட்டையின் ஒரு பக்கத்தில் பிறைவடிவில் திரள்வதைக் கொங்க்ளின் கண்டார். கலங்கள் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பிரிய, அம்மஞ்சளைப் பின்தொடர்ந்தார். அதைப் பெற்ற கலங்கள் வாலின் தசைகளாயின. 1905இல் வெளியான இவ்வாய்வு, ஒவ்வொரு கலத்தின் வம்சாவளியையும் வரைந்து காட்டியது.

அப்பகுதியில் மறைந்திருந்த செய்தி யாது? அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 2001இல், ஜப்பானிய ஆய்வாளர் நிஷிதாவும் சவாதாவும் விடை கண்டனர். தாயின் பரம்பரையலகிலிருந்து படியெடுக்கப்பட்டு முட்டையில் வைக்கப்பட்ட 'மாச்சோ-1' என்னும் ஆர்.என்.ஏ.யே அது. அதை நீக்கியபோது வாற்றசையின் பெரும்பகுதி தோன்றவில்லை. வேறு கலங்களில் செலுத்தியபோது அங்கும் தசை தோன்றியது.

கொங்க்ளினின் வாழ்வில் கறையும் உண்டு. கூர்ப்புக் கொள்கையைப் பள்ளிகளினின்று விலக்க முயன்றோரை 1920களில் துணிவுடன் எதிர்த்த அவரே, 1921இல் வெளியிட்ட நூலில் வெள்ளையினத்தின் தூய்மை பேணப்பட வேண்டுமென்றும், இனங்கள் பிரிந்து வாழ வேண்டுமென்றும் வாதித்தார். கறுப்பின மாணவருக்குக் கற்பித்தவரின் எழுத்து அது. பிறப்பினால் மனிதரைத் தரம்பிரிக்கும் ஏட்டில் தம் பெயரும் இருக்கக் கண்ட நமக்கு, அறிஞர் ஒருவரின் இத்தவறு சிறிதன்று.

அவர் ஆராய்ந்த உயிரினமே அவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. ஜப்பானியர் உண்ணும் கடற்பீச்சியின் குடம்பியில் 42 வாற்றசைக் கலங்கள் உள. அவற்றுள் 28 தாய் வைத்த செய்தியால் தசையாகின்றன. எஞ்சிய 14 கலங்களுக்கு அயற்கலங்களின் தொடர்பு வேண்டும். முதுகுநாணின் 40 கலங்களும் அயலிலிருந்து வரும் சமிக்ஞை கிட்டினாலன்றி முதுகுநாண் ஆவதில்லை.

1952இல் கொங்க்ளின் பிறின்ஸ்ரனில் காலமானார். மஞ்சட் பிறையைக் கண்ட அவரது கண் பிழைக்கவில்லை. அதை மனிதகுலத்தின் மீது நோக்கியபோதே பிழைத்தது. பிறப்பே விதியென்று மனிதரை வகுப்போருக்குக் கடற்பீச்சியின் முட்டைகூடச் சாட்சி சொல்லாது.