சட்டாம்பிள்ளையைச் சீமைக்கு அழைத்துச் சென்றவர்

சென்னை மாநகர் 1996-ஆம் ஆண்டில் தன் பழைய ஆங்கிலப் பெயரைக் களைந்துவிட்டது. ஆயினும், ஸ்காட்லாந்தின் கடற்கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூரில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயருடன் ஓர் உயர்நிலைப் பள்ளி இன்றும் நடந்து வருகிறது. கடல் கடந்த அவ்வூருக்கு நம் ஊர்ப் பெயர் எவ்வாறு போயிற்று? இதற்கு விடை தேடியபோதுதான் ஆண்ட்ரூ பெல் என்பவரின் வாழ்க்கை எனக்குத் தெரிய வந்தது. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பை எண்ணி நான் மனம் சோர்ந்திருந்த நாட்கள் அவை. ஆதலால் அவ்வாழ்க்கை வெறும் வரலாறாக எனக்குத் தோன்றவில்லை.

பெல் 1753-ஆம் ஆண்டு அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துபவர், பொய்முடி செய்து விற்பவர். ஊர்ப் பல்கலைக் கழகத்தில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்ற பெல், அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, புகையிலைப் பண்ணை முதலாளி ஒருவரின் புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்தார். 1781-ல் தாயகம் திரும்புகையில் கப்பல் உடைந்து உயிர் தப்பினார். பின்னர் குருப்பட்டம் பெற்று, 1787-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அவருடைய பெட்டிகளில் பௌதிகச் சோதனைக் கருவிகளும் இருந்தன. அறிவியல் சொற்பொழிவு நிகழ்த்திப் பொருள் ஈட்டலாம் என்பது அவர் எண்ணம். கும்பினிப் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே சமயத்தில் குருவாக இருந்து நல்ல வருவாயும் கண்டார்.

1789-ல் எழும்பூரில் ஓர் அனாதை விடுதி திறக்கப்பட்டது. கும்பினிச் சிப்பாய்களான வெள்ளையருக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த ஆண் பிள்ளைகளே அங்குப் பெரும்பாலோர். தந்தை இறந்திருப்பார்; அல்லது கைவிட்டுப் போயிருப்பார். வெள்ளையர் அப்பிள்ளைகளைத் தம்மவராகக் கருதவில்லை, நம்மவரும் கருதவில்லை. முரடர், பொய்யர், உருப்படாதவர் என்பதே அவர்களைப் பற்றி ஊரார் கொண்டிருந்த முடிவு. இவ்விடுதியின் கண்காணிப்பாளர் பதவியைப் பெல் ஏற்றார். அதற்குரிய ஊதியத்தை மட்டும் வேண்டாமென்று மறுத்துவிட்டார். பணத்தில் கருத்துள்ள மனிதர் ஒருவர் அப்பிள்ளைகளுக்காக இவ்வாறு செய்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

விடுதியில் கற்பித்தல் நன்றாக நடக்கவில்லை. ஆசிரியர்கள் சிலரே, அவர்களுக்கும் ஆர்வமில்லை. இந்நிலையில் ஒருநாள் காலை, குதிரைமீது சென்றுகொண்டிருந்த பெல் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலைப் பரப்பி, விரலால் எழுத்துக்களை வரைந்துகொண்டிருந்தனர். நம் பாட்டன்மார் பயின்ற திண்ணைப் பள்ளியில் இது நாள்தோறும் நடப்பது. முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் பெல்லுக்கு அது பெரிய வழியாகத் தோன்றிற்று.

விடுதிக்குத் திரும்பியவர், அரிச்சுவடி வகுப்பையும் அவ்வாறே நடத்தச் சொன்னார். துணையாசிரியர் அது ஆகாத காரியம் என்று ஒதுக்கிவிட்டார். பெல் சோர்ந்துவிடவில்லை. ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. நாளடைவில் விடுதி முழுவதும் இம்முறை பரவியது. கற்றவனும் கல்லாதவனும் இணையாக அமர்ந்தனர். தவறுகள் ஒரு கரும்புத்தகத்தில் பதியப்பட்டன. பிள்ளைகளே கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பிரம்படி அரிதாயிற்று.

அறிவியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. பணயமாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் புதல்வர்கள் 1794-ல் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களுடன் சென்ற குழுவில் இவ்விடுதி மாணவன் வில்லியம் ஸ்மித்தும் இருந்தான். பெல்லிடம் கற்ற பௌதிகச் சோதனைகளைத் திப்புவின் முன்னிலையிலேயே செய்து காட்டினான். உருப்படாதவன் என்று ஊர் ஒதுக்கிய பிள்ளை ஓர் அரசனுக்கு ஆசிரியனாக நின்றான்!

1796-ல் பெல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு எழும்பூர் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798-ல் இதைப் போன்ற பள்ளியொன்றைத் தொடங்கினார். முதலில் நட்பாயிருந்த இருவரும், முறை யாருடையது என்னும் வழக்கில் பகைவராயினர். திருச்சபையினர் பெல்லின் பக்கமும், ஏனைய கிறிஸ்தவப் பிரிவினர் லங்காஸ்டர் பக்கமும் நின்றனர். 1811-ல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரப்பியது. இருவரும் உரிமைக்குப் போராடினர். மணலில் எழுதிய அந்தத் தமிழ்ப் பிள்ளைகளின் பெயரோ, அவர்களுடைய வாத்தியாரின் பெயரோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பரவியபின் அம்முறைக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்க வைக்கும் பொறியாக அதனைப் பலர் கருதினர். ஏழைகளுக்கு மிகுதியான படிப்பு தேவையில்லை என்ற கருத்தைப் பெல்லே வெளியிட்டார் என்பது வருந்தத்தக்கது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றான இடங்களில், சட்டாம்பிள்ளை தோழனாக இராமல் மேஸ்திரியாகிவிட்டான். 1846 முதல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அங்கு நியமிக்கத் தொடங்கினர். பழைய முறை மெல்ல மறைந்தது. பெல் 1832-ல் காலமானார். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்தார்; தொடக்கத்தில் நான் கூறிய பள்ளியும் அச்செல்வத்தில் எழுந்ததே.

இனி, நம் ஞாயிறு வகுப்பு. விடுதிக்குப் பின்புறம் கட்டட வேலைக்கு வந்து குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அதனைத் தொடங்கினோம். இருபதுபேர் வந்த இடத்தில் இப்போது ஏழெட்டுப் பேரே வருகின்றனர். பள்ளியை விட்டு நின்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சுவரோரம் சாய்ந்து நிற்பான்; உள்ளே வரமாட்டான். அவனுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போனேன். அவனிடம் நான் ஒன்றையும் கேட்டதில்லை என்பது பெல்லைப் படித்த பிறகே உறைத்தது. சென்ற ஞாயிறன்று இரண்டு சிறுவர்களை அவனிடம் விட்டு, வாய்ப்பாடு சொல்லித் தரும்படி கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு கீழே உட்கார்ந்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் அவனே தவறினான். அதைச் சிறுவர்கள் திருத்தினார்கள், அவன் சிரித்தான்.

இதனால் அவன் பள்ளிக்குத் திரும்பிவிடுவான் என்று நான் சொல்லத் துணியவில்லை. எழும்பூரில் சட்டாம்பிள்ளைகளின் பின்னால் அவர்களை அறிந்த ஒருவர் நாள்தோறும் இருந்தார். நாமோ வாரத்தில் ஒரு மணி நேரம் இருக்கிறோம். அந்த நேரத்தைக் கூட்டுவதற்கு இன்னும் நான்கு பேர் வேண்டும். நண்பர்களே, வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள்.