ருவால் அமுன்சென்

ருவால் அமுன்சென் (ஜூலை 16, 1872 – ஜூன் 18, 1928) நோர்வே நாட்டைச் சேர்ந்த துருவ ஆய்வாளர் ஆவார். தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் இவரே.

வாழ்க்கை

நோர்வேயின் போர்கே என்னுமிடத்தில் பிறந்தார். தாயாரின் விருப்பப்படி மருத்துவம் பயின்ற இவர், அவர் இறந்தபின் படிப்பைக் கைவிட்டுக் கடலோடியானார். 1897–99 இல் அன்டார்க்டிக்கா சென்ற பெல்ஜிக்கா கப்பலில் பணியாற்றினார். 1903–06 காலப்பகுதியில் யோவா என்னும் சிறு கப்பலில் வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாகக் கடந்தார். வட காந்தமுனை 1831 இல் இருந்த இடத்திலிருந்து நகர்ந்துள்ளதை இப்பயணத்தின் அளவீடுகள் காட்டின.

தென் துருவப் பயணம்

வட துருவத்தை அடைந்ததாகக் குக், பியரி ஆகிய இருவரும் 1909 இல் அறிவித்தனர். இதனால் அமுன்சென் தமது இலக்கைத் தென் துருவத்திற்கு மாற்றினார். குக், பியரி ஆகியோரின் கூற்றுகள் ஐயத்திற்குள்ளானமையால், துருவத்தை அடைவது மட்டுமன்றி அதனை மெய்ப்பிப்பதும் இன்றியமையாததாயிற்று. அக்டோபர் 1911 இல் ஐவர் 52 நாய்களுடன் புறப்பட்டு, டிசம்பர் 14 அன்று துருவப் பகுதியை அடைந்தனர்.

துருவத்தை உறுதி செய்தல்

நெட்டாங்குக் (தீர்க்கரேகை) கோடுகள் அனைத்தும் துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டராக உள்ள ஒரு பாகை நெட்டாங்கின் அகலம், 89 பாகை அகலாங்கில் (அட்சரேகை) 2 கிலோமீட்டருக்கும் குறைவாகும். துருவப் புள்ளிக்கு நெட்டாங்கு என்பதே இல்லை. தென் துருவத்திலிருந்து எத்திசையும் வடக்கே. எனவே அங்கு அகலாங்கே முதன்மையானது.

பிற இடங்களில் நண்பகலில் சூரியன் உச்சத்தை அடைவதைக் கொண்டு அகலாங்கைக் கணிப்பர். துருவத்திலோ சூரியன் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சுற்றிவருவதால், நண்பகலைப் பிரித்தறிய இயலாது. ஆனால் இதுவே சான்றாகவும் அமைகிறது. துருவத்திலிருந்து ஒரு கலை (1.85 கிலோமீட்டர்) விலகி நின்றால், 24 மணி நேரத்தில் சூரியனின் உயரம் சராசரியிலிருந்து ஒரு கலை கூடியும் ஒரு கலை குறைந்தும் காணப்படும். அதாவது, பெரும உயரத்திற்கும் சிறும உயரத்திற்கும் இடையிலான வேறுபாட்டில் பாதியே துருவத்திலிருந்து உள்ள தொலைவாகும்.

முதற் பாசறை துருவத்திற்குச் சற்று அப்பால் இருப்பதை அளவீடுகள் காட்டின. கணிப்பில் பிழை இருப்பினும் துருவம் விடுபடாதிருக்க, மூவர் மூன்று திசைகளில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பனிச்சறுக்கிச் சென்று மீண்டனர். பின்னர் டிசம்பர் 17 அன்று முன்னேறிச் சென்று, செக்ஸ்டண்ட் கருவியையும் செயற்கை அடிவானத்தையும் கொண்டு, ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை சூரியனை அளந்தனர். அங்கு போல்ஹெய்ம் என்னும் கூடாரத்தை அமைத்துவிட்டுத் திரும்பினர். அவ்விடம் உண்மைத் துருவத்திலிருந்து சுமார் 2.5 கிலோமீட்டருக்குள் அமைந்திருந்ததாகப் பிற்காலக் கணிப்புகள் கூறுகின்றன. ஜனவரி 17, 1912 அன்று துருவத்தை அடைந்த ஸ்காட்டின் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் இறந்தனர்.

இறுதிக்காலம்

மே 1926 இல் நோர்கே வான்கப்பலில் வட துருவத்தின் மேலாகப் பறந்தார். 1928 இல், விபத்துக்குள்ளான இத்தாலியா வான்கப்பலில் சென்ற நோபிலேயைத் தேடிச் சென்றபோது விமானத்துடன் மறைந்தார். இவரது உடல் கிடைக்கவில்லை.

தென் துருவத்திலுள்ள ஐக்கிய அமெரிக்க ஆய்வு நிலையம் அமுன்சென்–ஸ்காட் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. அங்குள்ள பனிப்படலம் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால், துருவத்தைக் குறிக்கும் அடையாளக் கம்பம் ஆண்டுதோறும் புதிதாக நடப்படுகிறது.