தனிமங்களை வரிசைப்படுத்திய அறிஞர்

உண்ணும் உப்பு, பருகும் நீர், உழும் கொழுவின் இரும்பு, உயிர்க்கும் காற்று என உலகிற் காணும் பொருள்கள் எண்ணில. எனினும் அவை யாவும் ஒரு சில அடிப்படைப் பொருள்களால் ஆனவையே. அவ்வடிப்படைப் பொருள்களைத் தனிமங்கள் என்பர். தனிமத்தின் பண்பைத் தாங்கி நிற்கும் மிகச் சிறிய கூறு அணு. அணுக்கள் ஒன்றோடொன்று இணைவதால் மூலக்கூறு உண்டாகிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தால் நீரின் மூலக்கூறு ஒன்று அமையும். முப்பது முதலெழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்கள் ஆக்கப்படுவதுபோல, சில தனிமங்களைக் கொண்டு எண்ணற்ற பொருள்களை இயற்கை ஆக்கியுள்ளது. எழுத்துகளுக்கு நெடுங்கணக்கு என்னும் வரிசை உண்டு. தனிமங்களுக்கும் அத்தகைய வரிசை உண்டோ? இவ்வினாவிற்கு விடை கண்டவர் ருசிய நாட்டு அறிஞர் திமீத்ரி இவானவிச் மெண்டலீவ் ஆவார்.

மெண்டலீவ் 1834ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், சைபீரியாவிலுள்ள தோபோல்ஸ்க் என்னும் ஊரில் பிறந்தார். பெரியதொரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். தந்தையார் இவான் அவ்வூர்ப் பள்ளியின் தலைவராக விளங்கியவர். மகன் பிறந்த ஆண்டிலேயே தந்தையார் கண்ணொளியை இழந்தார். பணியையும் விட நேர்ந்தது. குடும்பச் சுமை முழுவதும் தாயார் மரியாவின் தோள்மீது விழுந்தது. அவ்வம்மையார் மனந்தளரவில்லை. தம் பிறந்த குடியினருக்கு உரிய கண்ணாடித் தொழிற்சாலையொன்று அண்மைச் சிற்றூரில் செயலற்றுக் கிடந்தது. அதனை மீண்டும் இயக்கி, அவ்வருவாயைக் கொண்டு மக்களைப் பேணினார்.

துன்பம் அவ்வளவில் நிற்கவில்லை. 1847ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். மறு ஆண்டில் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அப்போது மரியா ஐம்பது வயதைக் கடந்திருந்தார். கையிருப்போ மிகச் சிறிது. எனினும், கடைசி மகன் கல்வியில் உயர வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் அவர் உள்ளத்தில் எரிந்துகொண்டே இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1849ஆம் ஆண்டில் மகனை அழைத்துக்கொண்டு, 2000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து மாஸ்கோ நகரை அடைந்தார். சைபீரியாவிலிருந்து வந்த அம்மாணவருக்கு அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அன்னையார் அங்கிருந்து தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். தந்தையார் பயின்ற ஆசிரியர் கல்விக்கழகத்திலேயே 1850ஆம் ஆண்டில் மகனுக்கு இடம் கிடைத்தது. மகன் கல்விச்சாலையின் வாயிலைக் கடந்ததைக் கண்ட அன்னை, அதே ஆண்டில் உயிர் நீத்தார். பின்னாளில், 1887ஆம் ஆண்டில், கரைசல்களைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலை மெண்டலீவ் அன்னையாரின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

உடல் நலிவுற்ற நிலையிலும் அவர் ஊன்றிப் பயின்று, 1855ஆம் ஆண்டில் பொற்பதக்கத்துடன் தேறினார். காசநோயோ என மருத்துவர்கள் ஐயுற்றமையால், தென்னகத்தின் இளஞ்சூட்டை நாடிச் சென்று சிறிது காலம் அங்கே ஆசிரியராகப் பணியாற்றினார். உடல் தேறித் தலைநகர் திரும்பியபின், 1859ஆம் ஆண்டில் மேற்படிப்பிற்காக ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குச் சென்றார். அங்கிருந்தபோது, 1860ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலறிஞர் பேரவை கூடியது. அணு வேறு, மூலக்கூறு வேறு என்னும் தெளிவு அக்காலத்தில் அறிஞர் அனைவர்க்கும் இல்லை. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றா, இரண்டா என்பதிலேயே கருத்து வேற்றுமை இருந்தது. ஒன்று எனக் கொண்டால் ஆக்ஸிஜனின் அணு எடை 8 ஆகும். இரண்டு எனக் கொண்டால் 16 ஆகும். இத்தாலிய அறிஞர் கன்னிஸ்ஸாரோ இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழியை அப்பேரவையில் எடுத்துரைத்தார். அவ்வுரை இளைஞர் மெண்டலீவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சரியான அணு எடைகள் கிடைத்தாலன்றித் தனிமங்களை ஒப்புநோக்க இயலாது என்பதை அவர் உணர்ந்தார்.

1867ஆம் ஆண்டில் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். மாணவர்க்கு ஏற்ற பாடநூல் ருசிய மொழியில் இல்லாமை கண்டு, தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது? இக்கேள்வி அவரை உறங்கவொட்டாமல் செய்தது. தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் நிறுத்திப் பார்த்தார். அவ்வரிசையில் லிதியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39 என வருவன. மூன்றும் மென்மையான உலோகங்கள். மூன்றும் நீரோடு வினைபுரிவன. இடையிடையே மற்றத் தனிமங்கள் வந்தாலும், குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் ஒரே வகைப் பண்பு திரும்பத் திரும்பத் தோன்றியது. வாரத்தில் ஏழு நாள் கழிந்தபின் அதே கிழமை மீள்வதுபோன்ற இவ்வொழுங்கையே அவர் ஆவர்த்தன விதி என வகுத்தார். 1869ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய அட்டவணை ருசிய வேதியியற் கழகத்தின்முன் வைக்கப்பட்டது.

தனிமங்களை ஒழுங்குபடுத்த முயன்றவர் அவர் ஒருவரே அல்லர். ஜெர்மனியில் டோபரைனர், இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ் ஆகியோர் முன்னரே முயன்றனர். ஜெர்மானிய அறிஞர் லோதர் மேயர் அதே காலத்தில் ஏறக்குறைய அதே ஒழுங்கைக் கண்டார். ஆயின், மெண்டலீவின் பெருமை வேறோரிடத்தில் உள்ளது. துத்தநாகத்தின் அணு எடை 65. அதற்கு அடுத்து அறியப்பட்டிருந்த ஆர்செனிக்கின் அணு எடை 75. எடையை மட்டும் கருதினால் ஆர்செனிக் அலுமினியத்தின் இனத்தில் நிற்க வேண்டும். அதன் பண்போ பாஸ்பரசின் பண்பை ஒத்திருந்தது. எனவே மெண்டலீவ் ஆர்செனிக்கைப் பாஸ்பரசின் இனத்தில் வைத்து, இடையில் இரண்டு இடங்களை வெறுமையாக விட்டார். அவ்விடங்களுக்கு உரியவை இயற்கையில் உள்ளன. மனிதன் இன்னும் காணவில்லை என்பது அவர் துணிபு.

1871ஆம் ஆண்டில் அவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். எவரும் கண்டிராத மூன்று தனிமங்களின் அணு எடை, அடர்த்தி, சேர்மங்களின் இயல்பு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வெளியிட்டார். வடமொழியில் ஒன்று எனப் பொருள்படும் ஏக என்னும் சொல்லை முன்சேர்த்து, அவற்றுக்கு ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கன் எனப் பெயரிட்டார். கணிப்புப் பொய்த்தால் பெயரும் புகழும் பழுதுபடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். கண்ணால் காணாதவற்றுக்கு இலக்கணம் வகுப்பதை ஏற்கப் பலர் தயங்கினர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1875ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெக்காக் த புவபோத்ரான் ஒரு துத்தநாகத் தாதுவில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டு காலியம் எனப் பெயரிட்டார். அதன் இயல்பு ஏக அலுமினியத்தின் இயல்பை ஒத்திருந்தது. அடர்த்தி மட்டும் வேறுபட்டது. அவர் கண்ட அடர்த்தி 4.7; மெண்டலீவ் கணித்தது ஏறக்குறைய 5.9. பொருளைத் தூய்மை செய்து மீண்டும் அளக்குமாறு மெண்டலீவ் அவருக்கு எழுதினார். தனிமத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதனைக் கண்டறியாத ஒருவர் திருத்தம் சொல்வது வியப்பன்றோ! பிரெஞ்சு அறிஞர் மீண்டும் அளந்தார், 5.9 என்றே கண்டார். 1879ஆம் ஆண்டில் சுவீடன் அறிஞர் நில்சன் கண்ட ஸ்காண்டியம் ஏக போரானாக அமைந்தது. 1886ஆம் ஆண்டில் ஜெர்மானியர் விங்க்ளர் கண்ட ஜெர்மானியம் ஏக சிலிக்கனின் இடத்தை நிரப்பியது. அதன் அணு எடை 72 என மெண்டலீவ் கணித்திருந்தார். அளவிட்டபோது 72க்குச் சற்றே மேற்பட்டிருந்தது. ஐயுற்றோர் வாயடைத்தனர்.

அவருடைய எண்ணங்கள் யாவும் சரியாயின என்று கூறுவதற்கில்லை. டெல்லூரியம் அயோடினைவிட எடை மிக்கது. ஆயினும் பண்பு நோக்கி அதனை அயோடினுக்கு முன் வைத்தார். எடையைப் பிழையாக அளந்துள்ளனர் என அவர் எண்ணினார். எடையில் பிழையில்லை, அவர் வைத்த இடத்திலும் பிழையில்லை. வரிசைக்கு அடிப்படை அணு எடையன்று, அணு எண்ணே என்பதை 1913ஆம் ஆண்டில் மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர் ஆய்வால் நிறுவியபோது இப்புதிர் விடுபட்டது. ஆர்கான் முதலான வாயுக்கள் கண்டறியப்பட்டபோது மெண்டலீவ் முதலில் தயங்கினார். பின்னர் அவற்றுக்கெனத் தனி வரிசை அமைவதை ஏற்றுக்கொண்டார்.

ஆய்வறையோடு அமைந்துவிடாமல், நாட்டின் எண்ணெய்த் தொழிலும் வேளாண்மையும் வளரவும் அவர் உழைத்தார். 1887ஆம் ஆண்டில் சூரிய கிரகணத்தை மேகத்திற்கு மேலிருந்து காணும் பொருட்டுத் தன்னந்தனியராகப் பலூனில் ஏறிச் சென்றார். 1890ஆம் ஆண்டில் மாணவர்களின் முறையீட்டைக் கல்வியமைச்சரிடம் சேர்ப்பிக்க முன்வந்தார். அது ஏற்கப்படாமையால் பல்கலைக்கழகப் பதவியையே துறந்தார். 1893ஆம் ஆண்டில் எடை, அளவைத் துறையின் தலைவராகி, இறுதிவரை அப்பணியைச் செவ்வனே ஆற்றினார். 1907ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் உருவாக்கிய 101ஆம் தனிமத்திற்கு மெண்டலீவியம் என்னும் பெயர் இடப்பட்டது. அவர் காலத்தில் 63 ஆக இருந்த தனிமங்கள் இன்று 118 ஆகப் பெருகியுள்ளன. உலகெங்கும் வேதியியல் வகுப்பறைகளின் சுவர்களில் அவ்வட்டவணை தொங்குகிறது. அறிந்ததை முறைப்படுத்துவது அறிவு. அறியாததற்கும் உரிய இடம் விட்டு வைப்பது பேரறிவு. மெண்டலீவ் விட்டுவைத்த வெற்றிடங்கள் இப்பேரறிவின் சான்றுகளாக விளங்குகின்றன.