மக்காச்சோள வயலில் இருந்து விண்வெளிக்கு: விஞ்ஞானி வெர்னர் சுவோமி

காட்டுத்தீயின் புகையும் புழுதிப்புயலும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை இன்று செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. இதற்கு வழி அமைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி வெர்னர் சுவோமி.

1915-ல் மின்னசோட்டாவில் பிறந்தவர். மக்காச்சோள வயல் எவ்வளவு வெப்பத்தை வாங்கி, எவ்வளவு வெளிவிடுகிறது என்று அளந்து 1953-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே கணக்கைப் பூமி முழுவதற்கும் போட, 1959-ல் எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளில் தன் கருவியை அனுப்பினார். 1966-ல் விண்ணுக்குச் சென்ற அவரது கேமரா, மேகங்கள் நகர்வதைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தது.

1995-ல் மறைந்தார். 2011-ல் ஏவப்பட்ட ஒரு செயற்கைக்கோளுக்குப் பின்னர் நாசா அவர் பெயரைச் சூட்டியது. பகலிலும் இரவிலும் கடந்துபோகும் அதன் படங்களில் தீ, புகை, புழுதி எல்லாம் தெரியும். பஞ்சாபில் நெல் தாளை எரிக்கும் வயல்கள் பலவும் அவற்றில் பதிவாகியுள்ளன.

வயலில் மூட்டும் தீயின் புகை வரப்போடு நிற்காது. தாளை எரிக்காமல் மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகும்.