ஜிம் தோர்ப்: உயர்வும் வீழ்ச்சியும்

அமெரிக்கப் பூர்வகுடியில் பிறந்து, கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர் ஜிம் தோர்ப். கார்லைல் பள்ளியில் பயின்றபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஈடிணையற்ற வீரரானார். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்பு சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடினாரென்று மறு ஆண்டே அவை பறிக்கப்பட்டன.

ஆயினும் அவர் தளரவில்லை. 1920-ல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரானார். ஆட்டம் ஓய்ந்ததும் குடியும் வறுமையும் பற்றிக்கொண்டன. கைதட்டிய கைகள் விலகின. மண்வெட்டி பிடித்துப் பிழைத்தார். 1953-ல் ஏழையாய் மரித்தார்.

பதக்கங்களை மீட்டளிக்க 1982-ல் தீர்மானித்தனர். 2022-ல்தான் அவரே தனி வெற்றியாளர் என்றனர். கல்லறைக்குச் செய்த நியாயம் அவர் கண்ணீரைத் துடைக்குமா? நாம் ஒருவருக்கு நியாயம் செய்யக் கடன்பட்டிருந்தால், அவர் உயிரோடிருக்கையிலேயே செய்வோம்.